பத்து லட்சத்துக்குப் பதினேழு குறைவு

"அம்மா, என்னால் சும்மா உட்கார முடியவில்லை."

குரத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

குகை வாசலில் காரி நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இடுப்பு வரை சேறு.

"மறுபடியும் ஆற்றில் இறங்கினீர்களா?"

"இறங்கினேன்."

"யார் இழுத்துப் போட்டது?"

"பரிசல்காரர்கள்தான். இன்னொரு தடவை இறங்கினால் இழுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்."

அந்த மலைக்குகையில் பெண் துறவிகள் சிலர் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய தலைவியைக் குரத்தியார் என்று அழைப்பது வழக்கம். அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். ஊர் ஊராக நடப்பதே அந்தத் துறவிகளின் வாழ்க்கை. மழைக்காலத்தில் மட்டும் நடக்க மாட்டார்கள். ஈரத்தில் முளைத்த புல்லையும் புழுவையும் மிதிக்கக் கூடாது என்று ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள்.

காரி துறவி அல்ல. ஐம்பத்தைந்து வயதுக் குடும்பஸ்தர். அவரை நிறுத்தி வைத்திருந்தது வெள்ளம். மலையடிச் சாவடியில் தங்கியிருந்தார்.

அவர் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

தம்பியின் பெயர் சேந்தன். வயதில் மிகவும் இளையவன். தாய் இறந்த பிறகு காரிதான் தூக்கி வளர்த்தார். உடம்பு வளர்ந்தது, அறிவு குழந்தையோடு நின்றுவிட்டது. ஓர் அறுவடைக் காலையில் களத்திலிருந்து எழுந்து போனவன் திரும்பி வரவில்லை. ஆறு வருடம் ஆயிற்று. காரி ஊர் ஊராகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழை நிற்கும் வரை பொறுக்கத்தான் வேண்டும்" என்றார் குரத்தியார்.

"பொறுக்கிற வழியைச் சொல்லுங்கள். கண்ணை மூடினால் அவன் முகம் வருகிறது. திறந்தால் அவன் இல்லை. மந்திரம் ஏதாவது இருந்தால் கொடுங்கள்."

"என்னிடம் மந்திரம் இல்லை."

குரத்தியார் மணல் பரப்பிய பலகையைப் பக்கத்தில் இழுத்தார். விரலால் ஓர் எண்ணை எழுதினார்.

ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று.

"பத்து லட்சத்துக்குப் பதினேழு குறைவு" என்றார் காரி, யோசிக்காமலே.

"கணக்கு வருகிறதே."

"களத்தில் நெல் அளந்து கொடுக்கிறவன் அம்மா நான். அளந்து கொடுத்தவன்."

"இதை மிச்சமில்லாமல் வகுக்கிற எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒன்று எல்லாவற்றையும் வகுக்கும். இந்த எண் தன்னைத் தானே வகுத்துக்கொள்ளும், அதையும் விட்டுவிடுங்கள்."

"இருக்கிறதா, இல்லையா? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லிவிட்டால் மழை நின்றுவிடுமா?"

காரிக்குக் கோபம் வந்தது.

"ஆளைத் தேடி வந்தவனை எண்ணைத் தேடச் சொல்கிறீர்களே."

"தேடுவதில் பழக்கப்பட்டவர் நீங்கள்தானே."

காரி மணலில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு பலகையை மணல் சிந்தாமல் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

*

முதலில் சுலபமாக இருந்தது.

ஒற்றைப்படை எண். ஆகவே இரண்டு வகுக்காது. இரண்டு வகுக்காவிட்டால் நான்கும் ஆறும் எட்டும் வகுக்காது. அதுபோல எந்த எண் வகுக்காவிட்டாலும் அதன் மடங்குகளைப் பார்க்க வேண்டாம். மூன்றால் வகுத்தார், இரண்டு மிஞ்சியது. ஐந்தால் வகுத்தார், மூன்று மிஞ்சியது. ஏழுக்கு ஐந்து. பதினொன்றுக்கு ஆறு.

ஒவ்வோர் எண்ணிடமும் கேட்டார். ஒவ்வொன்றும் இல்லை என்றது.

"இல்லை என்ற சொல் எனக்குப் புதிதா என்ன" என்று குரத்தியாரின் மூத்த மாணாக்கி நந்தையிடம் சொன்னார். "ஊரில் நுழைந்ததும் முதல் வீட்டில் கேட்பேன். இல்லை என்பார்கள். கடைசி வீட்டில் கேட்பேன். அவர்களும் இல்லை என்பார்கள். சிலர் நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே இல்லை என்று விடுவார்கள்."

நந்தைக்கு எண்கள் என்றால் உயிர். துறவு பூண்டபோது எல்லாவற்றையும் விட்டவர், எண்களை மட்டும் விடவில்லை. குரத்தியாரும் விடச் சொல்லவில்லை. தினமும் காரி மலையேறி வந்து அன்றைய கணக்கைச் சொல்லும்போது நந்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

"எதுவுமே வகுக்காவிட்டால் அதைப் பகா எண் என்போம்" என்றார் நந்தை. "யாருக்கும் சமமாகப் பங்கு வைக்க முடியாதது. அப்படியானால் அது குறை எண்ணும்கூட."

"குறையா?"

"ஆமாம். தன்னைத் தவிர ஆறை வகுப்பவை ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் ஆறே வரும். அதனால் ஆறு நிறை எண். பன்னிரண்டை வகுப்பவற்றைக் கூட்டினால் பதினாறு வரும். அது மிகை எண். பத்தை வகுப்பவை ஒன்று, இரண்டு, ஐந்து. எட்டுதான் தேறும். அது குறை எண். பகா எண்ணுக்குத் தேறுவது ஒன்றே ஒன்று. இவ்வளவு பெரிய எண், கூட்டினால் ஒன்று. குறையிலும் பெரிய குறை."

காரி பலகையைத் தள்ளினார். மணல் பாறையில் சிதறியது.

"என் தம்பியையும் இப்படித்தான் சொன்னார்கள்."

நந்தைக்கு ஒன்றும் புரியவில்லை.

"பேச்சு வராத வயதிலேயே குறை என்றார்கள். பெயரைக்கூடச் சொல்வதில்லை. அந்தக் குறை எங்கே போகிறது பார், அந்தக் குறைக்குச் சோறு போட்டாயா. ஊரே அப்படித்தான் பேசும்."

"நான் எண்ணைத்தான் சொன்னேன் ஐயா."

நந்தையின் முகம் வாடிவிட்டது. குகைக்கு வெளியே மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது.

"சேந்தன் களத்தில் என்ன செய்வார்?" என்று குரத்தியார் கேட்டார்.

காரி திரும்பினார். எவ்வளவு உயரம் என்று கேட்டிருக்கிறார்கள். என்ன நிறம், என்ன உடுத்தியிருந்தான் என்று கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

அவர் பாறையில் உட்கார்ந்தார்.

"நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டோம் அம்மா. லாபம் என்போம். அப்புறம்தான் இரண்டு, மூன்று. சேந்தன் எனக்கு எதிரே உட்கார்ந்துகொள்வான். நான் ஒவ்வொரு மரக்காலாகக் கொட்டக் கொட்டக் கையைத் தட்டிக்கொண்டு சொல்வான். லாபம். லாபம். லாபம். அவனுக்கு இரண்டு வரவே இல்லை."

"கணக்குத் தப்பிப் போகாதா?" என்றார் நந்தை மெதுவாக.

"போகும். திரும்பவும் அளப்பேன். அவன் சொல்வதைக் கேட்கவே களத்துக்கு வந்து நிற்கிறவர்கள் உண்டு. குறை என்று சொன்னவர்களும் வந்து நிற்பார்கள்."

நந்தை சிரித்துவிட்டார். காரியும் சிரித்தார். சிரித்த பிறகு தான் சிரித்ததை நினைத்துத் திகைத்தவர்போல வாயைத் துடைத்துக்கொண்டார்.

நந்தை குனிந்து சிதறிய மணலைக் கையால் கூட்டிப் பலகையில் போட்டார்.

"எண்ணுக்குச் சொன்ன அந்தப் பெயரை இனி உங்கள் எதிரில் சொல்ல மாட்டேன் ஐயா."

"சொல்லுங்கள். இப்போது பரவாயில்லை."

*

எண்கள் பெரிதாகப் பெரிதாக வேலை மெதுவாயிற்று. ஒரு வகுத்தல் முடிய ஒரு பொழுதுகூட ஆனது. பலகை ஈரத்தில் ஊறியது. மணலை அடுப்பங்கரையில் காயவைத்து எடுக்க வேண்டியிருந்தது.

"எவ்வளவு தூரம் போக வேண்டும் அம்மா?" என்று காரி கேட்டார். "இப்படியே பத்து லட்சம் வரைக்குமா? என் ஆயுசு போதாது."

"பன்னிரண்டை எடுத்துப் பாருங்கள்."

"பன்னிரண்டில் என்ன இருக்கிறது?"

குரத்தியார் குகைக்குள் போய்விட்டார்.

காரி சாவடிக்குப் போய்ப் பன்னிரண்டு கூழாங்கற்களைப் பொறுக்கினார். ஒரே வரிசையாக வைத்தார். கலைத்து இரண்டு வரிசையாக வைத்தார், வரிசைக்கு ஆறு. மூன்று வரிசையாக வைத்தார், வரிசைக்கு நான்கு. அடுத்து நான்கு வரிசையாக வைக்கக் கையை நீட்டினார்.

நீட்டிய கை நின்றது.

எழுந்து கற்களுக்குப் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தார். மூன்று வரிசை நான்கு வரிசையாகத் தெரிந்தது. கற்களை அவர் தொடவே இல்லை.

மழையில் நனைந்துகொண்டே மலையேறினார்.

"ஆயிரம் வரை போதும்."

"ஏன்?"

"வகுக்கிறவை எப்போதும் ஜோடியாகத்தான் வரும் அம்மா. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். நம் எண் அதற்கும் கீழே. ஜோடியில் இரண்டுமே ஆயிரத்தைத் தாண்டியிருக்க முடியாது. ஒன்று எங்கேயோ தொலைவில் இருந்தால் மற்றது ஆயிரத்துக்குள் இருந்தாக வேண்டும். அதை நான் ஏற்கெனவே பார்த்திருப்பேன்."

"ஆக?"

"ஆயிரம் வரை தேடிவிட்டால் தேடி முடித்தாயிற்று. அதற்கு மேல் ஓர் அடி போக வேண்டாம்."

இதைச் சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றார். வேறு யாரோ சொல்லித் தான் கேட்டதுபோல நின்றார்.

அதற்குப் பிறகு அவர் ஆற்றங்கரைப் பக்கம் போகவில்லை.

*

"கிடைத்துவிட்டது."

ஒரு மத்தியானம் காரி மூச்சிரைக்க ஓடி வந்தார். துண்டு எங்கோ விழுந்திருந்தது.

"இருநூற்று ஐம்பத்தொன்று. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு தடவை. மிச்சமே இல்லை."

நந்தை குரத்தியாரைப் பார்த்தார். குரத்தியாரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நான் ஒரு தடவை பெருக்கிப் பார்க்கட்டுமா ஐயா?"

"பாருங்கள். நன்றாகப் பாருங்கள்."

நந்தை மணலில் பெருக்கினார். அழித்துவிட்டு இன்னொரு தடவை பெருக்கினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைசி இலக்கத்தில் நான்கு வருகிறது ஐயா. நம் எண்ணில் மூன்று."

"ஒன்றுதான் வித்தியாசமா?"

"ஒன்றுதான். ஒன்று கூட இருந்திருந்தால் சரியாக வகுத்திருக்கும்."

காரி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றுதான் வித்தியாசம் என்றாலும், இல்லை என்றால் இல்லைதான்" என்றார்.

பிறகு அவராகவே பேசினார்.

"மூன்றாவது வருடம் ஒரு கோயில் ஊரில் இப்படி நடந்தது. எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பார் என்றார்கள். போனேன். பின்பக்கம்தான் தெரிந்தது. அதே தோள். கழுத்தைச் சாய்த்து உட்காருவதுகூட அதே மாதிரி. சேந்தா என்று கூப்பிட்டேன். திரும்பினார்."

காரி மணலைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"அவன் இல்லை. ஆனால் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தார். கையில் இருந்த இலையில் பாதிச் சோற்றை என் பக்கம் தள்ளினார். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை."

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"அவரையும் யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள் அம்மா. அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை."

குரத்தியார் எழுந்து வந்து அவருக்கு அருகில் உட்கார்ந்தார். மூன்று பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு காரி பலகையை மடியில் வைத்து மணலைச் சமப்படுத்தினார்.

"அடுத்தது இருநூற்று ஐம்பத்தேழு" என்றார்.

*

மழை மெலிந்தது. வெயில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. பரிசல்காரர்கள் கவிழ்த்து வைத்திருந்த பரிசல்களைப் புரட்டி ஓட்டை அடைக்கத் தொடங்கினார்கள்.

காரி கடைசி எண்ணுக்கு வந்திருந்தார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. அதுவும் வகுக்கவில்லை. இன்னும் எட்டு இருந்திருந்தால் வகுத்திருக்கும். அவர் அதற்காக வருந்தவில்லை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு மலையேறினார்.

"எதுவும் வகுக்கவில்லை. பகா எண்."

"உறுதியா?"

"உறுதி. இனி யார் வந்து என்ன சொன்னாலும் உறுதி."

"இவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லையே."

"இல்லை என்பது கிடைத்ததே அம்மா. அது போதும். மனதுக்குள் ஒரு கதவு சாத்தியதுபோல இருக்கிறது."

நந்தையின் முகம் மலர்ந்தது.

காரி போகவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அம்மா, ஒன்று கேட்க வேண்டும்."

"கேளுங்கள்."

"என் தம்பிக்கு ஆயிரம் எது?"

நந்தை தலையைக் குனிந்துகொண்டார்.

"எதற்காக இந்த எண்ணைக் கொடுத்தீர்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். முடிவில் சொல்வீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊர் வரைக்கும் போ, அதற்கு மேல் வேண்டாம், வீட்டுக்குத் திரும்பிவிடு என்று சொல்வீர்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் இருக்கிறாள், புகுந்த வீட்டில். பார்க்கும்போதெல்லாம் போதும் அப்பா என்கிறாள். அவள் சொல்லி என்னால் நிறுத்த முடியவில்லை. நீங்கள் சொன்னால் நிறுத்திவிடுவேன். எந்த ஊர் அம்மா அது?"

குரத்தியார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படி ஓர் ஊர் இல்லை" என்றார்.

"இல்லையா?"

"எண் வைத்த இடத்தில் இருக்கும் ஐயா. இன்று வகுக்காதது நாளைக்கும் வகுக்காது. மனிதர் நடக்கிறவர். நீங்கள் கேட்டுவிட்டுப் போன ஊருக்கு அவர் மறுநாள் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோலச் சொல்ல என்னால் ஆகாது."

காரி முகத்தை மூடிக்கொண்டார். குரத்தியார் அழ விட்டார்.

"ஆறு வருடமாக எல்லோரும் ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள்" என்றார் காரி, குரல் தெளிந்த பிறகு. "நிச்சயம் வந்துவிடுவான் என்றார்கள். இல்லாவிட்டால் விட்டுத் தொலை என்றார்கள். தெரியாது என்று ஒருவரும் சொன்னதில்லை."

"தெரியாது."

"பிறகு ஏன் அம்மா இந்த எண்ணைக் கொடுத்தீர்கள்?"

"ஆற்று வெள்ளம் உங்களைக் கொண்டுபோய்விடும் என்று பயந்தேன்" என்றார் குரத்தியார்.

*

மழை நின்று, பாதை காய்ந்தது. துறவிகள் குகையைப் பெருக்கிவிட்டுக் கீழே இறங்கினார்கள்.

ஒவ்வொரு வருடமும் அவர்கள் தெற்கே போவது வழக்கம். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

"தெற்கேதானே அம்மா?" என்று நந்தை கேட்டார்.

குரத்தியார் சாவடியைப் பார்த்தார். காரி தன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு விடைபெற வந்துகொண்டிருந்தார்.

"நீங்கள் இன்னும் கேட்காத ஊர்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன?"

"வடக்கே" என்றார் காரி. "ஆற்றைத் தாண்டி, அந்த இரண்டு குன்றுக்கும் அப்பால்."

குரத்தியார் அந்தப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார். நந்தை பின்னால் நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள். காரி சிறிது நேரம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டு, பிறகு வேகமாக நடந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

உச்சிவேளையில் முதல் ஊர் வந்தது.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். துறவிகளைக் கண்டதும் எழுந்தாள். வாசலில் வந்து நிற்கிற துறவிகள் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சோறு எடுத்துவர உள்ளே திரும்பினாள்.

காரி தொண்டையைச் செருமிக்கொண்டார். எத்தனையோ வாசல்களில் சொன்ன அதே சொற்களைச் சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் குரத்தியார் ஓர் அடி முன்னால் வைத்திருந்தார்.

"இரு அம்மா, சாப்பாட்டுக்கு வரவில்லை" என்றார். "எங்கள் தம்பியைக் காணோம்."